எழ மறுத்த திரைகளின் சரித்திரம்

காஞ்சிபுரத்தின் பூர்வ விருத்தாந்தங்களை எழுதப் புகுந்தவர்கள் பல்லவர் எடுப்பித்த கற்றளிகளையும், அவற்றின் சுவர்களில் நிறைந்த சாசனங்களையும், பட்டுத் தறிகளின் கீர்த்தியையும் விரிவாக எழுதியிருக்கிறார்களேயன்றி, நகரத்தின் புறத்தே உள்ள ஏனாத்தூரிலே கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் மாணவர் அறைகளிலும் கணிப்பொறிகள் காலையில் எழ மறுத்த கதையைச் சரித்திரத்துக்குரிய விஷயமாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஆயினும் ஒரு கைத்தொழில் தோன்றி, வளர்ந்து, ஊருக்கு ஊர் தேர்ந்த கைகளை உண்டாக்கி, பிறகு மெல்ல மெலிந்து போவதற்கு முன்னூறு ஆண்டுகள் வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை; முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே அவ்வளவும் நிகழ்ந்துவிடலாம் என்பதற்கு, லினக்ஸ் ஏற்றிய கணினியில் முகப்புத்திரை எழாதபோது அதன் காரணத்தைப் படித்தறிந்து நிவாரணம் செய்யும் வித்தையே போதிய சாட்சி.

ஏனாத்தூர் கல்லூரிகளின் ஊராக மாறியது அண்மைக் காலத்துச் சங்கதி. காஞ்சி மடத்துப் பரமாசாரியரின் திருப்பெயர் தாங்கிய ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம் 1993ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தைப் பெற்றது. கலைக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் அவ்வூரின் பெயரைத் தம் முகவரியில் சேர்த்துக்கொண்டன. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக உலகுக்கு அறிவித்தது 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி. ஆகவே ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகமும் லினக்ஸ் என்ற இந்த இயங்குதளமும் ஏறக்குறைய ஒரே வயதின. இரண்டும் சந்தித்துக்கொள்வதற்குப் பிடித்த அவகாசமும் அதிகமில்லை. 1996ஆம் ஆண்டில் பிசி குவெஸ்ட் என்ற மாதப் பத்திரிகை லினக்ஸைக் குறுந்தகட்டில் பதித்துத் தன் இதழோடு இந்தியா முழுதும் அனுப்பத் தொடங்கியபின், இணையம் தொலைபேசிக் கம்பி வழியே முனகிக்கொண்டு வந்த அந்த நாளில் கூட, பத்திரிகைக் கடை இருந்த ஊரிலெல்லாம் லினக்ஸும் கிடைத்தது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடிற்று; ஐஐடி வளாகத்தில் நடந்த அதன் மாதக் கூட்டங்களுக்குச் சுற்று வட்டாரத்து மாணவர்கள் பஸ் ஏறிச் சென்றார்கள். கணினி வாங்குவதற்கோ அவர்கள் சென்றது மவுண்ட் ரோட்டை அடுத்த ரிச்சி தெருவுக்கு. அங்கே பாகம் பாகமாக வாங்கி, பேரம் பேசிப் பூட்டி எடுத்துவந்த பெட்டிகளில்தான் இந்த வித்தையின் முதற் பாடங்கள் நடந்தன.

அக்காலத்தில் கணினியை எழுப்பும் முதற்காரியம் லைலோ என்ற சிறு நிரலின் பொறுப்பில் இருந்தது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய அந்நிரல், தன் பெயருக்குரிய நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் இட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்தது. ஒரு படி முடிந்தால் ஓர் எழுத்து. ‘எல்’ மாத்திரம் தோன்றி, அதைத் தொடர்ந்து எண்கள் கொட்டினால், முதற்பகுதி ஏறிவிட்டது, வட்டைப் படிப்பதில் தோஷம் என்று அர்த்தம். ‘எல், ஐ’ என்று நின்றுவிட்டால், இரண்டாம் பகுதியை எடுத்துவிட்டது, ஆனால் அதை இயக்க முடியவில்லை என்று அர்த்தம். ‘எல், ஐ, எல்’ வரை வந்து நின்றால், இரண்டாம் பகுதி இயங்கிவிட்டது, தனக்கு வேண்டிய வரைபடக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று கொள்ளவேண்டும். நான்கெழுத்தும் நிறைந்தால் கண்டம் தாண்டியாயிற்று. வாக்கியம் ஒன்றும் எழுதாமல், அகராதி ஒன்றும் கேட்காமல், தான் எந்த இடத்தில் விழுந்து கிடக்கிறேன் என்பதை ஒரு யந்திரம் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன சந்தர்ப்பம் அதற்குப் பின் வந்த முப்பதாண்டுகளில் அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த எழுத்துகளை வாசிக்கக் கற்றவனுக்கு, அவை நின்றுபோவதற்கான காரணமும் விரைவில் பழகிவிடும். அந்நாளைய கணினிகளில் முதலில் விழிக்கும் பயாஸ் என்ற நிரல், வட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பால் உள்ளதைப் படிக்க இயலாதது. நம்மவர் வீட்டுக் கணினியிலோ விண்டோஸ் முதலிலேயே குடியேறி முன்னிடம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸுக்குக் கிடைத்தது பின்கட்டு. இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்த எல்லைக்கு வெளியே போய் விழுந்துவிட்டால் லைலோ அதைத் தேடிக் காணாது நிற்கும். வட்டின் தலைப்பில் சிறியதோர் பகுதியைத் தனியே ஒதுக்கி, கெர்னலை அங்கே வைப்பதே அதற்கு உபாயம்; 2000ஆம் ஆண்டளவில் லைலோவே அந்த எல்லையைத் தாண்டக் கற்றுக்கொண்ட பிறகும் பலர் அந்த ஏற்பாட்டைப் பழக்கத்தினாலேயே தொடர்ந்தார்கள். மற்றொரு காரணம் மறதி. லைலோ கோப்புகளின் பெயரை அறியாது. வட்டில் அவை கிடக்கும் இடத்தை மாத்திரம் குறித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் கெர்னலை மாற்றியவர் லைலோவை மறுபடி ஒருமுறை ஓட்டி, புது இடத்தைத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் இரவு கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் மறுநாள் காலையில் பாதிப் பெயரோடு நின்ற திரையைக் கண்டார்கள். லைலோவுக்குப் பின் வந்த கிரப் என்ற நிரல் கோப்பு முறையைத் தானே படிக்க வல்லது. அது எண் சொல்லிப் பிழை கூறிற்று. பதினைந்தாம் பிழை என்றால் கோப்பைக் காணோம், பதினேழாம் பிழை என்றால் வட்டுப் பகுதியை ஏற்க முடியவில்லை என்று எண்களுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் விடுதிதோறும் ஓரிருவர் இருந்தார்கள்.

இத்தனையும் கடந்து கெர்னல் எழுந்துவிட்டாலும் முகப்புத்திரை எழவேண்டுமே! அங்கேதான் மெய்யான சங்கடம். லினக்ஸில் படத்திரையைத் தீட்டும் பொறுப்பு எக்ஸ் என்ற வேறொரு ஏற்பாட்டுக்கு உரியது; அது 1984ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பிறந்து, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டி, அந்த எண்ணிலேயே இன்றுவரை நிலைத்துவிட்டது. சாமானியக் கணினிகளுக்கு அதைக் கொண்டுவந்த எக்ஸ்ஃப்ரீ86 என்ற வடிவம், நம்மிடம் உள்ள மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்து அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ், படச்சில்லு எந்த ஜாதி என்பவற்றையெல்லாம் நம்மையே கேட்டு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டது. தெரியாதவர் அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது என்ற மிகக் குறைந்த அளவுக்குரிய 31.5 கிலோஹெர்ட்ஸையும் 60 ஹெர்ட்ஸையும் எழுதித் திருப்தியடையலாம். பெரிய எழுத்துகளோடு திரை எழும். ஆசைப்பட்டு மிகுதியாக எழுதினால், பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் கீச்சென்று கத்தும், சில சமயம் கெட்டே போகும் என்று கையேடுகள் எச்சரித்தன. மானிட்டரோடு வந்த சிறு புத்தகத்தை எறிந்துவிட்டவர்கள் அதற்காக வருந்தியது அந்தக் காலத்தில்தான்.

‘நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்’ என்பது எக்ஸ் சொன்ன பிழைகளுள் மிகவும் பிரசித்தமானது. கண்ணெதிரே பதினான்கு அங்குலத்துக்குப் பெட்டியாக மானிட்டர் உட்கார்ந்திருக்க, திரை எதையும் காணோம் என்று யந்திரம் கூறுவதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. மானிட்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அதன் உண்மையான தாத்பரியம், எழுதிக்கொடுத்த அதிர்வெண்களுக்கும் படச்சில்லுக்கும் பொருந்தும்படியான திரையமைப்பு ஒன்றும் அகப்படவில்லை என்பதே. அப்பிழைக்கு மேலே இருபது முப்பது வரிகளில் விவரம் முழுவதும் பதிவாகியிருக்கும். கடைசி வரியை மாத்திரம் படித்தவர்கள் தோற்றார்கள், முதல் வரியிலிருந்து படித்தவர்கள் ஜெயித்தார்கள். தாய்ப்பலகையிலேயே எஸ்ஐஎஸ், விஐஏ போன்ற மலிவான படச்சில்லுகள் பதிந்து வந்த பெட்டிகளில் இந்த அவஸ்தை அதிகம், ஏனெனில் அவற்றை இயக்கும் டிரைவர் என்ற நிரல் லினக்ஸில் அரைகுறையாகவே இருந்தது. வெசா என்ற பொது டிரைவரைக் கோப்பில் எழுதி, அழகு குறைந்தாலும் பாதகமில்லை என்று திரையை எழுப்பிவிட்ட கைகள் எண்ணற்றவை. 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த எக்ஸ்.ஆர்க் 7.3 அந்தக் கோப்பே இல்லாமல் தானே மானிட்டரை விசாரித்துக்கொள்ளும் நிலையை அடைந்தபோது, வித்தையின் இந்தக் கிளை ஏறக்குறைய உதிர்ந்துபோயிற்று. அதற்காக எவரும் கண்ணீர் விடவேண்டியதில்லை.

கேடிஇ 1996இலும் க்னோம் 1997இலும் தொடங்கப்பட்டன. எக்ஸ் எழுப்பிய வெறுந்திரையின்மேல் பட்டியும் சாளரமும் பட உருக்களுமாக முகப்பை விரித்தவை இவையே. பிழைகளில் ஒரு புதிய இனத்தை உண்டாக்கியவையும் இவையே. யந்திரம் நலமாக இருக்கும், திரையும் எழும், கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு கணம் இருண்டு மறுபடி கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். இந்தச் சுழலுக்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது. பயனரின் வட்டுப் பகுதி பாட்டுகளாலும் சினிமாக்களாலும் நிரம்பி, அனுமதிச்சீட்டு எழுதும் சிறு கோப்புக்குக் கூட இடமில்லாமற் போயிருக்கும். அல்லது ரூட் என்ற அதிகாரியின் உடையில் முகப்பு நிரல் ஏதோ ஒன்றை ஓட்டிவிட்டதன் பயனாக, ஐஸ்-அதாரிட்டி என்ற மறைவுக் கோப்பு ரூட்டின் உடைமையாகி, சொந்தக்காரனே தன் வீட்டுக் கோப்பில் எழுத முடியாத ஸ்திதி ஏற்பட்டிருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தி எழுத்துத்திரைக்குப் போய், முதல் வகைக்கு இரண்டு படங்களை அழிப்பதும், இரண்டாம் வகைக்கு உடைமையைப் பெயர் மாற்றித் தருவதும் ஒரு நிமிஷத்து வேலை. வட்டு முற்றும் நிரம்பியபோதும் ரூட் உள்ளே நுழைய முடிந்ததற்குக் காரணம், அந்தக் கோப்பு முறையை வகுத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தை ரூட்டுக்கென முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்ததுதான். ஆபத்துக்காலத்தை நினைத்து ஏற்பாடு செய்தவர்களின் தீர்க்கதரிசனத்தை அப்போதுதான் நாம் உணர்ந்தோம்.

அந்நாளைய க்னோம் காட்டிய பிழைச்செய்திகளுள் ஒன்றை இங்கே தனியே சொல்லவேண்டும். கணினிக்குச் சூட்டிய பெயரை மாற்றியவர், ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் அந்தப் புதுப்பெயரை எழுத மறந்துவிட்டால், முகப்பு எழுவதற்கு முன் ஒரு பெட்டி தோன்றும். இன்ன பெயருக்குரிய இணைய முகவரி கிடைக்கவில்லை, இதனால் க்னோம் சரிவர இயங்காது என்று முதலில் சொல்லும். பிறகு, அந்தப் பெயரை இன்ன கோப்பில் சேர்த்தால் இந்தத் தோஷம் நீங்கக்கூடும் என்று மருந்தையும் சொல்லும். நோயும், அதன் விளைவும், மருந்தும் மூன்றே வாக்கியங்களில் அடங்கிய அந்தப் பெட்டியை எழுதியவர் யாரோ, அவர் பயனரைத் தமக்குச் சமமானவராக மதித்தார் என்பது மட்டும் நிச்சயம்.

இவ்வளவும் யந்திரத்தின் சுபாவத்தைப் பற்றியது. தமிழ்நாட்டுக்கென்று தனியே அமைந்த காரணம் மின்வெட்டு. 2008ஆம் ஆண்டிலிருந்து தொடங்கி 2012இல் உச்சத்தை அடைந்த அந்தத் தட்டுப்பாட்டின்போது, சென்னைக்கு வெளியே உள்ள ஊர்கள் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரமின்றி இருந்ததுண்டு. காஞ்சிபுரத்து விசைத்தறிகள் நின்றதுபோல் மேசைக் கணினிகளும் நின்றன, ஆனால் நின்ற விதத்தில் சேதம் வேறு. எழுதிக்கொண்டிருந்த வட்டு நடுவில் நின்றுபோனால் கோப்பு முறையின் கணக்கு உதைக்கும். ஈஎக்ஸ்டி2 என்ற பழைய கோப்பு முறையில் ஒவ்வொரு திடீர் அணைப்புக்குப் பின்னும் வட்டு முழுவதையும் எஃப்எஸ்சிகே என்ற நிரல் தணிக்கை செய்தாகவேண்டும். அந்தத் தணிக்கை முடிவதற்குள் மறுபடி மின்சாரம் போய்விடுவது சாதாரணம். 2001ஆம் ஆண்டின் இறுதியில் கெர்னலில் சேர்ந்த ஈஎக்ஸ்டி3, செய்யப்போவதை முன்னதாக நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிறகு செய்யும் முறையினால் இந்தத் துன்பத்தைப் பெருமளவு தணித்தது. முற்றும் தீர்த்துவிடவில்லை.

நிலை முற்றியபோது திரையில் வந்த வாசகம் பலருக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கும்: எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டவும்; ரூட் கடவுச்சொல்லைத் தருக, அல்லது கண்ட்ரோல்-டி அழுத்துக. கண்ட்ரோல்-டி அழுத்தியவர்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தார்கள். கடவுச்சொல்லைத் தந்தவர்கள் எஃப்எஸ்சிகே கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒய்’ என்ற எழுத்தை அழுத்திச் சம்மதம் சொல்லி, நூற்றுக்கணக்கான சம்மதங்களுக்குப் பின், தப்பிப் பிழைத்த துண்டுகள் பெயரிழந்து எண்களாக ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற அறையில் குவிந்திருப்பதைக் கண்டார்கள். இத்துடன், தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். கோப்பு முறையோ, தன்மேல் கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று திகைத்து மேற்கொண்டு நகர மறுக்கும். வட்டில் ஒரு குற்றமும் இல்லாதிருக்க, சில ரூபாய் விலையுள்ள பேட்டரிக்காகக் கணினி முழுவதையும் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் அநேகர்.

செல்பேசியில் படம் பிடிக்கும் வசதி வருமுன், திரையில் தோன்றிய பிழையைக் கையால் எழுதிக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் இருக்கவில்லை. எழாத கணினியில் இணையம் பார்க்க முடியாது. ஆகையால் நோட்டுப் புத்தகத்தில் அந்த வரிகளை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, நகரத்துக்குள் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக் கணக்கில் காசு கொடுத்துத் தேடி, கிடைத்த விடையை மறுபடி எழுதிக்கொண்டு திரும்பவேண்டும். இந்தப் பிரயாசையினால் ஒரு நன்மை விளைந்தது: கையால் எழுதியவன் ஒவ்வொரு சொல்லையும் வாசித்தே தீரவேண்டியிருந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிட்டவர்கள் 2004ஆம் ஆண்டிலிருந்து குறுந்தகடுகளை விலையில்லாமல் தபாலில் அனுப்பியதும், 2011 ஏப்ரலில் அந்தத் தர்மத்தை நிறுத்தியதும் இந்தக் காலத்துக்கு உட்பட்டவையே. தகட்டிலிருந்தே நேராக ஓடும் லினக்ஸைக் கிளவுஸ் க்னோப்பர் பிரபலப்படுத்தியபின், அந்தத் தகடு ஒன்று பையில் இருந்தால் எந்தக் கணினியையும் எழுப்பி உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்ற தைரியம் பிறந்தது. காஞ்சிபுரத்துக்கென்றே ஒரு லினக்ஸ் பயனர் குழு அமைந்ததும், 2012 ஜனவரியில் கணியம் என்ற தமிழ் மின்னிதழ் தொடங்கி இந்த அறிவைத் தமிழில் எழுதத் தலைப்பட்டதும், இப்படிப் பழகியவர்களின் கைவண்ணமே.

அரசாங்கம் இந்தச் சரித்திரத்துக்குள் நுழைந்தது இரண்டு வாசல்கள் வழியாக. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்துச் சென்னைக் கிளை, டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய லினக்ஸை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், தம் காரியாலயத்துக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றி, அரசுப் பள்ளிகளுக்குக் கொள்முதல் செய்த கணினிகளிலும் அதையே ஏற்றச் செய்தார். பின்னர் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், முதலாண்டில் மாத்திரம் 9.12 லட்சம் கணினிகளைக் கொள்முதல் செய்வதற்கு ஏற்பாடாயிற்று. அவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. கணினியை இயக்கியதும் எதில் நுழைவது என்று ஒரு பட்டியல் கேட்டது. தமிழ்நாட்டின் நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் கிரப் பட்டியல் ஒளிர்ந்த அந்த ஆண்டுதான், எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், லினக்ஸ் நம்மிடையே மிகவும் பரவிய ஆண்டு.

பரவியதேயன்றி வேர் விடவில்லை. விண்டோஸில் வைரஸ் புகுந்தது என்று கடைக்குப் போனால், கடைக்காரர் ‘ஓஎஸ் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லி, ஃபார்மட் அடித்து, புதிதாக ஒரு விண்டோஸை ஏற்றித் தந்துவிடுவார்; அப்படி ஏற்றும்போது வட்டின் முதற்கட்டத்தில் இருந்த கிரப் அழிந்து பட்டியலும் மறைந்துவிடும். பாஸ் வட்டிலேயே பத்திரமாக இருக்க, அதற்குப் போகும் வழி மாத்திரம் அடைபட்டுப் போனதை அறியாமல், லினக்ஸ் கெட்டுவிட்டது என்றே நம்பியவர்கள் ஏராளம். கிரப்பை மறுபடி நிறுவுவதற்கு ஒரு தகடும் மூன்று நான்கு கட்டளைகளும் போதும். காஞ்சி பிள்ளையார்பாளையத்தில் பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அறுந்த இரு தலைகளையும் தேடிப் பிடித்து முடிச்சிட்டு மேலே நெய்கிறாரேயன்றி, பாவு முழுவதையும் அறுத்தெறிந்து வேறு பாவு ஓட்டுவதில்லை. அந்த ஊரிலேயே கணினிக்கு மாத்திரம் வேறு நியாயம் வழங்கியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தந்து, பிறகு பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. நாம் கணினியைத் தந்தோம். அது எழாதபோது செய்யவேண்டியதைச் சொல்லித் தரவில்லை. திட்டத்தின் தாராளத்தைக் குறைத்துக் கூறுவது என் எண்ணமன்று. ஆனால் குறை அதுதான்.

இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்தே தன்னார்வலர்கள் கேடிஇயையும் க்னோமையும் தமிழாக்கிவந்தார்கள். பட்டியல்களும் பொத்தான்களும் எச்சரிக்கைகளும் தமிழில் வந்தன. எனினும் அந்தத் தமிழெல்லாம் முகப்புத்திரை எழுந்த பிறகே கண்ணுக்குப் புலப்படும். லினக்ஸின் எழுத்துத்திரை அதிகபட்சம் 512 வடிவங்களையே தாங்கவல்லது; கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்த்து உயிர்மெய்யை உருவாக்கும் ஞானம் அதற்கு இல்லை. ஆகையால் கணினியின் மொழியைத் தமிழாக வைத்தவருக்கு, முகப்பு எழாமல் எழுத்துத்திரையில் விழுந்தபோது, செய்தி கட்டம் கட்டமாகத் தோன்றிற்று. தமிழ் மிகவும் வேண்டியிருந்த இடத்தில் தமிழால் வரமுடியாமற் போயிற்று. ஆங்கிலம் தடுமாறாமல் படிப்பவர்களிடமே பழுதுநீக்கும் வித்தை தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

இதற்கிடையே மேலை நாடுகளில் முகப்பைச் சமைத்தவர்களின் மனப்போக்கு மாறிக்கொண்டிருந்தது. கணினி எழும்போது ஓடும் வரிகள் அழகில்லை, சாமானியர் அஞ்சுவர் என்ற நினைப்பில், அவற்றின்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் வழக்கம் பரவிற்று. பிளைமவுத் என்ற நிரல் 2008இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் பத்தாம் பதிப்பில் அந்தப் போர்வையை இன்னும் வழுவழுப்பாக்கிற்று. போர்வைக்கு அடியில் நிகழ்வதைப் பார்க்க எஸ்கேப் விசையை அழுத்தினால் போதும் என்பது தெரிந்தவர்களுக்கு மாத்திரம் தெரியும். 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, முகப்பு எழாதபோது வெள்ளைத் திரையில் முகம் வாடிய கணினிப் படம் ஒன்றைக் காட்டி, ஐயோ, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, இதிலிருந்து மீள முடியவில்லை, வெளியேறி மீண்டும் முயல்க என்றது. எது தவறு, எந்தக் கோப்பு, யார் தடுத்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சுட்டிக்காட்டி மருந்து சொன்ன அதே க்னோமின் வாரிசு இது என்று நம்புவது கடினம்! அனுதாபம் மிகுந்து, விஷயம் இல்லாமற் போய்விட்டது.

பதிவேடுகள் அழிந்துவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். கணினியை எழுப்பும் பணிகளை நடத்த 2010இல் தோன்றிய சிஸ்டம்டி, 2015 ஏப்ரலில் டெபியனின் எட்டாம் பதிப்புக்கு ஆதாரமாகி, அதன் வழியே பாஸுக்கும் வந்தது; ஜர்னல்சிடிஎல் என்ற ஒரே கட்டளை, கணினி எழுந்த கணத்திலிருந்து நடந்த யாவற்றையும் நேரக்குறிப்போடு வரிசையாகத் தருகிறது. பயனர் வீட்டில் புள்ளியோடு தொடங்கும் பெயரில் மறைந்துகிடந்த எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ் என்ற பழைய கோப்பைத் திறந்து தேடிய நாளைவிட இது எவ்வளவோ செம்மையான ஏற்பாடு. எக்ஸின் இடத்தை வேலேண்ட் என்ற புதிய ஏற்பாடு பிடித்துவருவதால் அந்தப் பழைய கோப்பும் பல கணினிகளில் வழக்கொழிந்தது. கெர்னலே நிலைகுலைந்து நிற்கும் பேரிடருக்கும் புது முறை வந்துவிட்டது: முன்பு விசைப்பலகையின் சிறு விளக்குகள் விட்டுவிட்டு மின்னியதையே அடையாளமாகக் கொண்டோம், 2024ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 6.12ஆம் கெர்னல் அந்த நேரத்தில் ஒரு கியூஆர் சதுரத்தைத் திரையில் வரைய வல்லது. அதற்குள் விவரம் முழுவதும் அடங்கியிருக்கிறது, ஆனால் மனிதக் கண் அதைப் படிக்க முடியாது, செல்பேசிதான் படிக்கவேண்டும். லைலோவின் அரைப்பெயரில் தொடங்கிய வாசிப்பு இந்தச் சதுரத்தில் வந்து நிற்கிறது.

இன்று கணினிகள் முன்போல் அடிக்கடி எழ மறுப்பதில்லை. மறுத்தாலும் செல்பேசியில் படம் பிடித்து எவரையேனும் கேட்டுவிடலாம். ஆகவே பிழைகளைக் கையால் எழுதிய அந்த நோட்டுப் புத்தகங்களுக்கு இனி உபயோகமில்லை என்று அவற்றை வைத்திருப்பவர்களே நினைக்கக்கூடும். ஏனாத்தூரிலும் காஞ்சியின் மற்றப் பக்கங்களிலும் 1996க்கும் 2015க்கும் இடையே பயின்றவர்களும், ஆய்வுக்கூடங்களைப் பராமரித்தவர்களும், சர்வீஸ் கடை வைத்திருந்தவர்களும், அப்படி ஒன்று தங்கள் வீட்டுப் பரணில் கிடக்குமானால், பழைய பேப்பருக்குப் போடும் முன் அதைப் புரட்டி, எந்த ஆண்டு, எந்தக் கணினி, திரை என்ன சொல்லிற்று, நாம் என்ன செய்தோம் என்ற நான்கையும் தமிழில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.